பளபள இன்ஜினை நம்பாதீங்க!

பழைய கார் சந்தைப் பக்கம் என்னிக்காவது போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? பானெட்டைத் தூக்கினா, முப்பது வருஷத்து இன்ஜின் நேத்துதான் ஃபேக்டரியை விட்டு வந்த மாதிரி கறுகறுன்னு மின்னும். பக்கத்துல நிக்கிற புரோக்கர், "ஒரே ஓனருங்க, பொத்திப் பொத்தி வெச்சிருந்தாருங்க" என்பார். நாமும் வாயைப் பிளப்போம். அந்தப் பளபளப்பு பல சமயம் முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஸ்ப்ரே டப்பாவிலிருந்து வந்ததாத்தான் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காம அதுக்கு மேலேயே அடிச்ச பெயின்ட். கொஞ்ச நாள்ல பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு வரும். அதுக்குள்ள வண்டி உங்க வீட்டு வாசலுக்கு வந்திருக்கும்!

இன்ஜினுக்கு பெயின்ட் அடிக்கிறதுல ரெண்டு ரகம் உண்டு. ஒழுகலை மறைக்க அடிக்கிறது ஒண்ணு. இனிமே எங்க ஒழுகினாலும் உடனே கண்ணுல படணும்னு அடிக்கிறது இன்னொண்ணு. முதல் ரகத்துக்கு அரை மணி நேரம் போதும். ரெண்டாவது ரகத்துக்கு எங்க வீட்ல மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்தை உங்களுக்குச் சொல்றேன். நடுநடுவே நீங்க வீட்ல செய்யறதுக்கு ஆகும்படியான விஷயங்களும் வரும். பேனா, பேப்பர் ரெடியா?

"எடைக்குப் போட்டுருங்க"

முதல்ல எங்க ஊர். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவுல இருக்கிற திருமுருகன்பூண்டி. சுந்தரர் கொண்டுவந்த பொன்னையும் பொருளையும் சிவனே வேட்டுவர் வேஷத்துல பூதகணங்களை அனுப்பிக் கொள்ளையடிச்ச தலம்னு கோயில் வரலாறு சொல்லும். சுந்தரரே ஏமாந்த ஊருக்காரங்க நாங்க, பெயின்ட் அடிச்ச இன்ஜினைப் பார்த்தா உஷாராக வேண்டாமா? கோயிலை விட்டு வெளியே வந்தா ரோட்டோரம் சிற்பக் கூடங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளினா பனியன் கம்பெனிகள். ஒரு பக்கம் உளிச் சத்தம், இன்னொரு பக்கம் நிட்டிங் மெஷின் சத்தம். இந்த ரெண்டும் இந்தக் கதைக்குள்ள வரும்.

எங்க வீட்ல ஒரு அம்பாசிடர். 1986 மாடல், பெட்ரோல், 1489 சி.சி. தொண்ணூறுகள்ல அப்பா அதை டாக்ஸியா ஓட்டினார். கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுல வந்து இறங்கற வெளிநாட்டு பையர்களைத் திருப்பூருக்குக் கூட்டிட்டு வர்றதுதான் வேலை. ஆர்டர் வந்த கம்பெனியெல்லாம் மாடி மேல மாடி கட்டுச்சு. எங்களுக்கு ஓட்டு வீடு, அக்கா படிப்பு, என் படிப்பு. எல்லாம் அந்த வண்டி ஓடி வந்தது. பிற்பாடு அதைச் சொந்த வண்டியா மாத்திட்டு, அப்பா ஒரு கம்பெனியில டிரைவராப் போயிட்டார். 2020 மார்ச்ல ஊரடங்கு வந்தப்ப ஷெட்டுல நின்ன வண்டி, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பட்டறையில இருந்து ஆள் வந்து பார்த்தார். ஸ்டார்ட் ஆச்சு. ஆனா இன்ஜினோட இடது பக்கம் முழுக்க எண்ணெய் வழிஞ்சுது. டார்ச் அடிச்சுப் பார்த்தவர், "பிளாக் வெடிச்சிருச்சுங்க. இதுக்கு மேல செலவு பண்றது வீண். எடைக்குப் போட்டுருங்க" என்று சொல்லிட்டுக் கிளம்பிட்டார். அப்பா ஒண்ணும் பேசல. அம்மாதான், "அந்த இடத்துல ரெண்டு ஆடாவது கட்டலாம்" என்றார். பழைய இரும்புக்காரர் ரெண்டு தடவை வந்து விலை பேசிட்டுப் போனார். அப்பா ரெண்டு தடவையும், "அடுத்த வாரம் வாங்க" என்றார். அவருக்கு 'சரி'ன்னு சொல்லவும் மனசில்ல, 'முடியாது'ன்னு சொல்லக் காரணமும் இல்ல.

நான் பி.காம். மூணாவது வருஷம். ஸ்பேனரை விட கால்குலேட்டர்தான் எனக்குப் பழக்கம். ஆனாலும் ஒரு கேள்வி குடைஞ்சுது. ஒரு விரல் தடிமனுக்கு மண்ணும் எண்ணெயும் ஒட்டிப் போயிருக்கிற இரும்புல, ஒரு வெடிப்பை டார்ச் வெளிச்சத்துல எப்படிப் பார்க்க முடியும்?

கல்லுக்கு உள்ளது இரும்புக்கும்

பக்கத்துச் சிற்பக் கூடத்து அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். அவங்க ஒரு கல்லை எடுத்தா, செதுக்கறதுக்கு முன்னாடி கழுவி, சுத்தியலால தட்டிக் காது குடுத்துக் கேப்பாங்க. நல்ல கல் மணி மாதிரி கணீர்னு பேசும். உள்ளே வெடிப்பு இருந்தா சத்தம் மொட்டையா விழும். கை, கால், முகமெல்லாம் முடிஞ்ச பிறகு வெடிப்பு தெரிஞ்சா மாசக்கணக்கான வேலை போச்சே! அவர் சிரிச்சுட்டே கேட்டார்:

"கழுவாத கல்லுல வெடிப்பு தெரியுமாங் அம்முணி? மொதல்ல கழுவிப் பாக்கோணும். அப்பறந்தான் எடைக்குப் போடறதா, எடுத்து வெக்கறதான்னு பேசோணும்."

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பாகிட்ட சொன்னேன். "இன்ஜினை இறக்கிக் கழுவிப் பார்ப்போங்கப்பா. வெடிப்பு இருந்தா நானே இரும்புக்காரருக்கு போன் பண்றேன். இல்லைன்னா பெயின்ட் அடிச்சு ஏத்திருவோம்." அப்பா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துட்டு இருந்தார். "சரி கண்ணு" என்றார். அம்மா, "அப்ப ஆடு?" என்றார்.

இறக்கும் முன்...

அப்பாவோட பழைய சிநேகிதர், மெக்கானிக் மாமா, வாடகைக்கு செயின் பிளாக்கும் மூணு கால் இரும்பு ஸ்டாண்டும் கொண்டுவந்தார். ஃப்ரெண்ட்ஸ், இந்த ஒரு கட்டத்தை மட்டும் தெரிஞ்ச ஆள் இல்லாம தொடாதீங்க. இன்ஜின் நூறு கிலோவுக்கு மேல வரும் முழு இரும்பு. வேப்பமரக் கிளையில கயிறு கட்டி இழுக்கிறதெல்லாம் சினிமாவோட நிக்கட்டும். தொங்கற இன்ஜினுக்குக் கீழே கை, கால், தலை எதுவும் போகக் கூடாது.

வரிசை இதுதான். முதல்ல பேட்டரி, அதுவும் நெகட்டிவ் வயர் முதல்ல. அப்புறம் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணியையும் வடிக்கணும். உங்க வண்டியில கூலன்ட் இருந்தா அதை உடனே மூடி வையுங்க. அது இனிக்கும், நாய், பூனை நக்கினா உயிருக்கே ஆபத்து. வடிச்ச ஆயிலோட நிறத்தைக் கவனிங்க. பால் காபி நிறத்துல இருந்தா உள்ளே தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். எங்களது கறுப்புதான். மாமா புருவத்தைத் தூக்கினார். முதல் நல்ல சகுனம்!

ஒவ்வொரு வயரையும் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ. ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனி பிளாஸ்டிக் கவருக்குள்ள. கவருக்கு மேல ஒரு அடையாளச் சீட்டு. எங்க ஊர்ல அடையாளச் சீட்டுக்கா பஞ்சம்? டீ-ஷர்ட்டுல தொங்கவிடற டேக் ஒரு கட்டு அக்கா வேலை செய்யற கம்பெனியில வேஸ்ட்டா கிடந்துச்சு. 'எல்' சைஸ்னு அச்சடிச்ச டேக்கோட பின்பக்கம் 'வாட்டர் பம்ப் போல்ட் 4' என்று எழுதி ஒட்டினேன்.

இதெல்லாம் எதுக்குன்னு தோணுதா? பிரிக்கிறது பெரிசில்ல, திருப்பிச் சேர்க்கறதுலதான் வித்தை இருக்கு. எங்க ஏரியா ஹீரோ ஜி.டி.நாயுடு இருக்காரே, 1893-ல் கோவைப் பக்கம் கலங்கல்ல பிறந்தவர். ஒரு ஆங்கிலேய அதிகாரியோட மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில ஹோட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை விலைக்கு வாங்கினார். வாங்கினவர் செஞ்ச வேலை, அக்கக்கா பிரிச்சு மறுபடி பூட்டினது! பின்னாடி பஸ் கம்பெனி, மோட்டார்னு வளர்ந்ததெல்லாம் அங்க இருந்து ஆரம்பிச்சதுதான். அவர் பேர்ல உள்ள கார் மியூசியம் கோவை அவிநாசி ரோட்டுலதான் இருக்கு. லீவ் நாள்ல போய்ப் பாருங்க.

சாயப்பட்டறைப் பாடம்

இப்ப முக்கியமான கட்டம். திருப்பூர்க்காரங்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதே இல்ல. தறியிலிருந்து வந்த கோராத் துணியை யாராவது நேரா சாயத் தொட்டியில போடுவாங்களா? மாட்டாங்க. அதுல எண்ணெய், மெழுகு, அழுக்கு எல்லாம் இருக்கும். முதல்ல அலசி, ப்ளீச் பண்ணி, அப்புறம்தான் சாயம். இல்லைன்னா திட்டுத் திட்டாத்தான் ஏறும். இரும்புக்கும் அதே சட்டம்தான். பெயின்ட் வேலையில பத்துல ஒன்பது பங்கு கழுவுறதுதான்.

கழுவுறதுக்கு முன்னாடி ஓட்டைகளை அடைக்கணும். கார்புரேட்டர் வாய், எக்ஸாஸ்ட் வாய், டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த இடம், ஆயில் அளவுக்கோல் செருகற துளை... எல்லாத்துலயும் சுத்தமான துணியைச் செருகி, மேல டேப் ஒட்டணும். ஒரு சிட்டிகை மண் உள்ளே போனாலும் பேரிங்குகளை அரைச்சுத் தள்ளிடும்.

அப்புறம் சுரண்டல். பட்டித் தகடு, கம்பி பிரஷ், பழைய டூத் பிரஷ். முதல் ரெண்டு நாளும் நான் இன்ஜினை மெக்கானிக் மாதிரி பார்க்கல, தொல்லியல் துறை மாதிரி பார்த்தேன். மேல் அடுக்கு செம்மண், நடு அடுக்கு பனியன் பஞ்சு, அடி அடுக்கு தார் மாதிரி எண்ணெய். முப்பது வருஷத்துத் திருப்பூர் ரோடு மொத்தமும் அங்கதான் ஒட்டிட்டு இருந்துச்சு.

சுரண்டினது போக மிச்சத்துக்கு மண்ணெண்ணெய், கிடைக்கலைன்னா டீசல். பெட்ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயோட ஆவி தீப்பிடிக்க அது சுமார் 38 டிகிரிக்காவது சூடாகணும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரியே போதும். அதோட ஆவி தரையோட ஊர்ந்து போய், நாலு வீடு தள்ளி எரியற அடுப்பைத் தேடிப் பிடிக்கும். சித்திரை வெயில்ல மண்ணெண்ணெயும் அப்படியொண்ணும் சாது இல்ல. அதனால காலையில, திறந்த வெளியில, நெருப்பு பக்கத்துல இல்லாம வேலை பாருங்க. கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கம்பி பிரஷ்ல இருந்து தெறிக்கற ஒரு முள் போதும், கண் போயிடும். பழைய கேஸ்கெட்ல ஆஸ்பெஸ்டாஸும், பழைய பெயின்ட்ல ஈயமும் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால அதையெல்லாம் காய்ஞ்ச நிலையில தேய்க்காம, ஈரமாக்கிச் சுரண்டுங்க. மாஸ்க் போடுங்க.

எங்க தெருவுல ஒருத்தர் யோசனை சொன்னார்: "டையிங்ல இருந்து காஸ்டிக் சோடா வாங்கி ஊத்து, அழுக்கு அலறிட்டு ஓடும்." ஓடும்தான். அழுக்கோட அலுமினியமும் சேர்ந்து ஓடும்! காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைச்சு, தீப்பிடிக்கற ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அம்பாசிடரோட பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஆனா இன்னிக்கு நீங்க வெச்சிருக்கற வண்டிகள்ல ஹெட் பெரும்பாலும் அலுமினியம், சிலதுல பிளாக்கும் கூட. அதனால சோப்புத் தூளும் வெந்நீரும் போதும்.

கழுவி முடிச்சதும் ஒரு டெஸ்ட். சுத்தமான தண்ணியை மேலே ஊத்துங்க. தாமரை இலை மாதிரி முத்து முத்தா உருண்டா எண்ணெய் இன்னும் இருக்கு, மறுபடி கழுவணும். ஒரே படலமா விரிஞ்சு ஓடினா பாஸ்! நாங்க மூணாவது ரவுண்டுலதான் பாஸானோம். பாஸான உடனே துடைச்சு உலர்த்தணும். ஏன்னா, துணியில்லாத வார்ப்பிரும்பு ஈரத்தைப் பார்த்ததும் நம்ம கண்ணு முன்னாலேயே செம்மண் பூச ஆரம்பிச்சிடும்.

துடைக்க? பனியன் வேஸ்ட்! தமிழ்நாட்டுல எந்த மெக்கானிக் பட்டறைக்குப் போனாலும் கை துடைக்கிற துணி எங்க ஊர்க் கட்டிங் டேபிள்ல விழுந்த துண்டா இருக்கலாம். இந்த ஒரு விஷயத்துல நாங்க பணக்காரங்க.

சாக்பீஸ் தீர்ப்பு

இப்ப இன்ஜின் நிர்வாணமா, சாம்பல் நிறத்துல நிக்குது. வெடிப்பு இருக்கா, இல்லையா?

இதுக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. 19-ம் நூற்றாண்டோட கடைசியிலேயே ரயில்வே பட்டறைகள்ல அச்சுகள்ல வெடிப்பு கண்டுபிடிக்கப் பயன்பட்ட முறை. எண்ணெய்ல ஊற வெச்சு, துடைச்சிட்டு, சுண்ணாம்புப் பொடி பூசிடுவாங்க. வெடிப்பு இருந்தா, உள்ளே பதுங்கின எண்ணெய் மெதுவா வெளியே கசிஞ்சு வெள்ளைப் பொடியில கறுப்புக் கோடு போடும். இன்னிக்குப் பெரிய தொழிற்சாலைகள்ல எண்ணெய்க்குப் பதிலா சிவப்புச் சாயத்தை ஊத்தி இதையே செய்யறாங்க. பார்த்தீங்களா, சாயம் நம்மை விடாது!

மாமா மண்ணெண்ணெயை இடது பக்கம் முழுக்கப் பூசினார். இருபது நிமிஷம் கழிச்சு நல்லாத் துடைச்சார். நான் சாக்பீஸைப் பொடி பண்ணி, மெல்லிய துணியில கட்டித் தட்டித் தட்டித் தூவினேன். நாலு பேரும் பேசாம உட்கார்ந்து பார்த்தோம். அம்மாவும்தான்! ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக் கூட எங்க வீடு அவ்வளவு அமைதியா இருந்ததில்ல.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். அரை மணி. பிளாக் வெள்ளையாவே இருந்துச்சு. ஒரு கோடு கூட இல்ல.

அப்ப எண்ணெய் எங்கிருந்து வந்துச்சு? இந்த இன்ஜின்ல, கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் இருக்கிற அதே இடது பக்கத்துல, அதுங்களுக்குப் பின்னாடி ஒளிஞ்ச மாதிரி ரெண்டு தகட்டு மூடி இருக்கும். டாப்பெட் கவர்னு சொல்வாங்க. அதுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கார்க் கேஸ்கெட். நின்ன இடத்துலேயே நின்னதுல அது காய்ஞ்ச அப்பளம் ஆகியிருந்துச்சு. இன்னொரு விஷயமும் இருந்துச்சு. முன்பக்க மூடியிலிருந்து கிளம்பற மூச்சுக் குழாய் பிசுக்கால அடைச்சுப் போயிருந்துச்சு. இன்ஜின் உள்ளே உருவாகற வாயு வெளியேற வழியில்லாம, எண்ணெயைப் பிடிச்சுத் தள்ளியிருக்கு. பலவீனமான இடம் எதுவோ அது வழியா வெளியே வந்திருக்கு. அதுதான் 'வெடிப்பு'!

புது கேஸ்கெட் ரெண்டும் சேர்த்து ஒரு பிரியாணி விலை கூட இல்ல. அடைப்பெடுக்க ஒரு கம்பியும் மண்ணெண்ணெயும் போதும். அழுக்கு மேலேயே ஒரு கோட் கறுப்பு அடிச்சிருந்தா இது எதுவும் தெரிஞ்சிருக்காது. கேஸ்கெட்டை மட்டும் மாத்தியிருந்தாலும், மூச்சுக் குழாய் அதையும் சீக்கிரம் கிழிச்சிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: சாக்பீஸ் மேல்பக்கத்து வெடிப்பை மட்டும்தான் காட்டும். தண்ணி போற பாதைக்குள்ள வெடிப்பு இருக்கான்னு பார்க்க, பட்டறையில பிரஷர் டெஸ்ட் பண்ணணும். நாங்க அதையும் பண்ணிட்டுத்தான் மேற்கொண்டு போனோம். பாஸ்!

அப்பா அன்னிக்கு ஷெட்டுக்குள்ள ரொம்ப நேரம் தனியா நின்னுட்டு இருந்தார்.

கழுவின அழுக்கு எங்கே போச்சு?

இதைத் தாண்டிப் போயிடாதீங்க ப்ளீஸ். மூணு ரவுண்டு கழுவினதுல கறுப்பா ஒரு பெரிய டின் நிறைஞ்சுது. வாசல்ல சாக்கடை. சாக்கடை போய்ச் சேர்றது நல்லாறு. நல்லாறு போய்ச் சேர்றது நொய்யல்.

நொய்யலுக்கு என்ன ஆச்சுன்னு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விவசாயத்துக்காகக் கட்டி 1992-ல திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கற தொட்டியா ஆச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீர் கூட வெளியேறாத ஏற்பாடு பண்ற வரைக்கும் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே வேலையில்லாம நின்னதைப் பெரியவங்க இன்னிக்கும் சொல்வாங்க. கம்பெனிக்கு ஒரு நியாயம், நம்ம வீட்டு வாசலுக்கு ஒரு நியாயமா?

செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். மண்ணெண்ணெயை மூடின டின்ல ரெண்டு நாள் அசையாம வெச்சா மண்ணு அடியில தங்கிடும். மேலே தெளிஞ்சதை அடுத்த ரவுண்டுக்கு எடுத்துக்கலாம். சோப்புத் தண்ணியில மிதக்கற எண்ணெயைப் பனியன் வேஸ்ட்டால ஒத்தி எடுக்கலாம். பழைய ஆயில், அடி வண்டல், பிசுக்குத் துணி எல்லாத்தையும் தனித்தனியா மூடி, பழைய ஆயில் சேகரிச்சு முறைப்படி அனுப்பற சர்வீஸ் சென்டர்ல கேட்டுக் குடுங்க. 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகள்ல பழைய ஆயிலும் உண்டு. அது சாக்கடைக்கானது இல்ல.

இனிதான் பெயின்ட்

இவ்வளவு பேசி இப்பத்தான் டப்பாவைத் திறக்கறோம் பாருங்க!

எந்த பெயின்ட்? கேட்டுக்கு அடிச்சு மிச்சமான எனாமல் வேண்டாம். ஓடற இன்ஜின்ல தண்ணியே 80, 90 டிகிரியில சுத்தும். ஹெட் பக்கம் அதை விடச் சூடு. இன்ஜினுக்குன்னே விக்கற, சூடு தாங்கற எனாமல் கேட்டு வாங்குங்க. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பல நூறு டிகிரி போகும். அதுக்கு 600 டிகிரி தாங்கற தனி பெயின்ட். அலுமினியப் பகுதி இருந்தா அதுக்கேத்த எட்ச் பிரைமர் முதல்ல. இல்லைன்னா பெயின்ட் பிடிக்காது.

எங்கெல்லாம் படக் கூடாது? கேஸ்கெட் உட்கார்ற முகம், போல்ட் மரை, பெல்ட் ஓடற பள்ளம், ரப்பர் குழாய், பிளக் துளை. எர்த் வயர் தொடற இடம் வெறும் இரும்பா இருக்கணும். பெயின்ட் பட்டா ஸ்டார்ட்டர் சுத்தாது. எல்லாத்துக்கும் மேல இன்ஜின் நம்பர்! அதைத் தேய்க்கவும் கூடாது, மூழ்கடிக்கவும் கூடாது. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போது அந்த நம்பரை ஒத்துப் பார்ப்பாங்க. படிக்க முடியலைன்னா நீங்க என்ன கதை சொன்னாலும் எடுபடாது.

எப்ப அடிக்கிறது? இங்கதான் எங்க ஊரு சோதிக்கும். ஒரு பக்கம் சிற்பக் கூடத்துக் கருங்கல் தூசி, இன்னொரு பக்கம் பனியன் கம்பெனிப் பஞ்சு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற. ஆடியில அடிச்சிருந்தா இன்ஜினுக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி ஆகியிருக்கும்! அதனால ஷெட்டைச் சுத்திப் பழைய வேட்டி கட்டி, தரையில தண்ணி தெளிச்சு, ஞாயித்துக்கிழமை, ஊரு மெஷினெல்லாம் தூங்கற நேரமாப் பார்த்து ஆரம்பிச்சோம். வேட்டி தூசியை நிறுத்தும், காத்தை நிறுத்தாது. அதுவும் வேணும், பெயின்ட் வாடையை மூடின அறைக்குள்ள சுவாசிக்கக் கூடாது.

கடைசியா ஒரு தடவை தின்னர்ல துடைச்சு, அதுக்கப்புறம் வெறுங்கையால தொடவே இல்ல. விரல்ல இருக்கிற எண்ணெய் போதும், அங்க பெயின்ட் உரிய. டப்பாவை ரெண்டு நிமிஷம் நல்லாக் குலுக்கி, ஒரு அடி தள்ளிப் பிடிச்சு, கையை நிறுத்தாம வீசி வீசி அடிக்கணும். முதல் கோட்ல இரும்பு தெரியும், பதறாதீங்க. கால் மணி நேர இடைவெளியில மெல்லிசா மூணு கோட். ஒரே தடவையில மூடிடலாம்னு பார்த்தா, மெழுகுவத்தி மாதிரி வழியும்.

நிறம்? மாமா கறுப்பு என்றார். அழுக்கு தெரியாதாம். அதனாலேயே வேண்டாம்னு நான் வெளிர் சாம்பலைக் கேட்டேன். நாளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் கசிஞ்சாலும் கறுப்புல தெரியாது. சாம்பல்ல கோலம் போட்டுக் காட்டிடும். அப்பா என்னைப் பார்த்து, "சாம்பலே அடி கண்ணு" என்றார்.

பைக் வெச்சிருக்கறவங்களுக்கு...

"எங்கிட்ட கார் இல்லையே"ன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. உங்க பைக் காத்துல குளிரற ரகமா இருந்தா, அந்த இன்ஜின்ல வரிவரியா இருக்கிற தகடுங்கதான் அதுக்கு மூச்சு. அங்க சேறு அப்பியிருந்தாலும், பெயின்ட்டைக் கெட்டியா அப்பினாலும் சூடு வெளியேறாது. முதல்ல கழுவுங்க, ரொம்ப மெல்லிசா அடிங்க. புது மாடல் கார்ல இன்ஜினை இறக்காமலே செய்யறதா இருந்தா, சென்சார், வயர் சாக்கெட், ஆல்டர்னேட்டர் எல்லாத்தையும் பாலிதீன் கட்டி மூடுங்க. ஹை பிரஷர் தண்ணியை அங்க காட்டவே காட்டாதீங்க.

ஸ்டார்ட்!

இன்ஜினை ஏத்தி, டேக் பார்த்து ஒவ்வொரு போல்ட்டையும் பூட்டி முடிக்க இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு. ஒரு போல்ட் கூட மிச்சமாகல, குறையல. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது புது பெயின்ட் சூடாகி லேசாப் புகையும், வாடை வரும். பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். பத்து நிமிஷம் ஓட விட்டு, முழுசா ஆற விட்டு, மறுபடி ஓட விட்டா பெயின்ட் நல்லா இறுகும்.

இப்ப தினமும் காலையில அப்பா பானெட்டைத் தூக்கி, சாம்பல் நிறத்து இடது பக்கத்தை ஒரு தடவை பார்க்கறார். அம்பாசிடர் தயாரிப்பு உத்தர்பாரா தொழிற்சாலையில 2014-லேயே நின்னு போச்சு. இனிமே புதுசு வராது. இருக்கிறது இருக்கிற வரைக்கும்தான். எங்க வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற வேலை பாக்கி, பிரேக் வேலை பாக்கி. அதெல்லாம் முடிஞ்சாத்தான் ரோட்டுக்கு வரும். அம்மா ஆட்டுக்கு வேற இடம் பார்த்தாச்சு.

அடுத்த தடவை ஒரு பளபள இன்ஜினைப் பார்த்தீங்கன்னா, கண்ணை நம்பாம விரலை நம்புங்க ஃப்ரெண்ட்ஸ். மேல்பக்கம் எல்லாரும் துடைப்பாங்க. ஆறின இன்ஜினா பார்த்து, கைக்கு எட்டற கீழ் விளிம்புல, மூடிகளோட ஓரத்துல விரலை ஓட்டிப் பாருங்க. பெயின்ட் பிசுபிசுன்னு நகர்ந்து வந்தா, புரோக்கருக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு நடையைக் கட்டுங்க. விரல் காய்ஞ்சு வந்தா, அந்த வீட்ல யாரோ மூணு வாரம் உட்கார்ந்து கழுவியிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறமா விலையைப் பேசுங்க!